பெரிய மலை ஏறப் போகும் முன் தனியாக ஓர் இரவு கேம்ப் போட்டுப் பார்ப்பது அவசியமா?

அவசியம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் போவது மலேசியாவின் தஹான் மாதிரி பல நாள் ஏறும் மலை என்றால் ஓர் இரவு போட்டுப் பாருங்கள். ஏறிப் பழகுவதற்காக இல்லை. அரைகுறையாகத் தூங்கி எழுந்து, ஈரச் சட்டையோடு அதே பையை மறுபடி தோளில் மாட்டி நடக்க முடிகிறதா என்று தெரிந்துகொள்ள. பேராக்கில் எங்கள் ஊரான தாப்பாவின் பையன்கள் காலையில் ஏறி மதியம் இறங்கும் மலைகளில் ஆடு மாதிரி தாவுவார்கள். தஹானில் அவர்களையே படுத்துவது இரண்டாம் நாள் காலைதான்.

தனியாக என்றதும் நடுக்காட்டுக்குப் போய்விடாதீர்கள். நிரந்தர வனக் காப்பகத்துக்குள் பெர்மிட் இல்லாமல் நுழைந்தால், 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி 10,000 ரிங்கிட் வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை. தஹானுக்கும் வழிகாட்டி இல்லாமல் விட மாட்டார்கள். ஆகவே பழகும் இரவு ஆள் நடமாட்டமுள்ள கேம்ப்சைட்டிலேயே இருக்கட்டும். தாப்பா வட்டாரத்தில் லாத்தா கிஞ்சாங், குவாலா வோ பக்கம் ஆற்றோரமாகக் குடும்பங்கள் வந்து தங்குவது உண்டு. திறந்திருக்கிறதா, இரவு தங்க விடுகிறார்களா என்று முதலில் கேட்டுவிட்டுப் போங்கள்.

ஆற்றோரம் என்றால் கெப்பாலா ஆயர், அதாவது மேலிருந்து திடீரென்று பாய்ந்து வரும் வெள்ளம், ஞாபகம் இருக்கட்டும். நீங்கள் இருக்கும் இடத்தில் வெயில் அடிக்கும், மேலே மலையில் மழை கொட்டியிருக்கும். தண்ணீர் திடீரென்று கலங்கி, இலையும் குச்சியும் மிதந்து வந்தால் சாமான்களைப் பொறுக்கிக்கொண்டு நிற்காமல் மேட்டுக்கு ஓடுங்கள். அதற்காகச் சரிவின் அடியில் போய்ப் படுப்பதும் ஆபத்து. 2022 டிசம்பர் 16 விடிவதற்கு முன் பத்தாங் காலியில் கேம்ப்சைட் மேல் மண் சரிந்து 31 பேர் இறந்தார்கள். கரைக்கு மேலே, சரிவை விட்டுத் தள்ளி, காய்ந்த கிளை தொங்காத மரத்தடியாகப் பாருங்கள். இடம் அழகாக இருப்பதெல்லாம் அப்புறம்.

பையில் தஹானுக்குக் கொண்டுபோகும் அத்தனையும் இருக்க வேண்டும், அரிசி, தண்ணீர் உட்பட. பாதியை வீட்டில் வைத்துவிட்டு வந்தால் அது பிக்னிக். காலுக்கு என்ன போடுவது என்று பலர் கேட்கிறார்கள். பால்மரம் வெட்டப் போகிறவர்கள் போடும் கறுப்பு ரப்பர் சப்பாத்து, அதான் கம்போங் அடிடாஸ், சேற்றில் நன்றாகப் பிடிக்கும், தண்ணீரையும் குடிக்காது. விலையும் மலிவு. ஆனால் அடியில் மெத்தென்று எதுவும் கிடையாது. இறங்கும்போது விரல் நுனி இடிக்கிறதா என்று தடித்த காலுறையோடு போட்டு நடந்து பாருங்கள்.

குளிரை மட்டும் தாப்பாவில் பழக முடியாது. 1,000 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6 டிகிரி குறையும். தஹான் உச்சி 2,187 மீட்டர். இங்கே போர்வை இல்லாமல் படுப்பவர் மேலே மழையில் நனைந்தபின் விடிய விடிய நடுங்குவார். உங்கள் தூக்கப்பை தாங்குமா என்று பார்க்க ஒரு வார இறுதியில் கேமரன் மலையில் இருக்கும் தானா ராத்தாவுக்கு எடுத்துப் போங்கள். அது 1,400 மீட்டருக்கு மேல் இருக்கிறது, பஸ்ஸிலேயே போய்விடலாம்.

இருட்டில் பயம் வரத்தான் செய்யும். தோட்டத்து எல்லையில் முனியாண்டிக்குச் சூடம் ஏற்றிவிட்டுப் போ என்று அம்மா சொன்னால் ஏற்றிவிட்டுப் போங்கள், எதற்கு வம்பு! கூடவே எங்கே தங்குகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று அம்மாவிடம் எழுதிக் கொடுங்கள். அந்த நேரம் தாண்டியும் தகவல் வராவிட்டால் 999க்கு அழைக்கச் சொல்லுங்கள்.

காலையில் எழுந்ததும் வீட்டுக்குக் கிளம்பிவிட்டால் தங்கியதில் பாதிப் பயன் போச்சு. நனைந்த கூடாரத்தை அப்படியே சுருட்டிப் பையில் திணித்து மூன்று, நான்கு மணி நேரம் நடங்கள். காவல்கார ஜாகாவிடம் சொல்லிவிட்டால் செம்பனைத் தோட்டத்து மண் ரோடே போதும். தோளில் எங்கே வெட்டுகிறது, குதிகாலில் எங்கே உரசுகிறது என்பது அப்போது தெரிந்துவிடும். பையின் இடுப்புப் பட்டையை அங்கேயே இழுத்துச் சரிசெய்யுங்கள், தஹானுக்கு ஏறும் வழிகளில் ஒன்றான மெராபோவில் ஏறத் தொடங்கியபின் அதற்கு நேரம் இருக்காது.