எதிராளி போட்ட பாட்டுக்கு என்ன பதில்?

கேள்வி: ஸ்கார்பரோவில் கல்யாண வீடுகளுக்குப் பாட்டுப் போடுகிறேன். ஜமைக்கா நண்பர்கள் தங்கள் சவுண்ட் கிளாஷில், அதாவது ‘சவுண்ட்’ எனப்படும் பாட்டுப் போடும் குழுக்கள் ஒன்றோடொன்று மோதும் போட்டியில், என்னையும் இறங்கச் சொல்கிறார்கள். ரெக்கே பாட்டு ஆயிரக்கணக்கில் இருக்கிறது. எப்படித் தயாராவது?

பதில்: முதலில் அந்த ஆயிரத்தைக் குறையுங்கள். கல்யாண வீட்டில் கூட்டம் ஆடினால் போதும். கிளாஷில் அது போதாது. எதிராளி இப்போது போட்டதற்கு உங்கள் பதில் என்ன என்பதுதான் கணக்கு. அவர் ஒரு ரிதிமில் (பல பாடகர்கள் தங்கள் பாட்டுகளைப் பாடும் ஒரே பின்னணி இசையில்) கூட்டத்தை மயக்கினால், அதே ரிதிமில் வேறு பாடகர் பாடியதை உடனே எடுங்கள். அதனால் பாட்டுகளைப் பாடகர் வாரியாக மட்டுமல்ல, ரிதிம் வாரியாகவும் அடுக்கி வையுங்கள். அவர் போட்ட பாட்டையே திரும்பப் போட்டுவிடாதீர்கள். பெரும்பாலான கிளாஷ்களில் அதற்கு அந்தச் சுற்றே போய்விடும். பக்கத்தில் ஒரு நண்பரை நோட்டுப் புத்தகத்தோடு உட்கார வையுங்கள்.

மற்றவரிடம் இல்லாத பாட்டுக்குத்தான் மவுசு. 1950களில் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் சவுண்ட் நடத்திய காக்சன் டாட் அமெரிக்காவிலிருந்து வந்த வில்லிஸ் ஜாக்சனின் சாக்ஸபோன் இசைத்தட்டு ஒன்றின் லேபிளைச் சுரண்டிவிட்டு, ‘காக்சன் ஹாப்’ என்று பெயர் வைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். போட்டியாளர் டியூக் ரீட் அலைந்து தேடி, ஒரு நாள் அதையே ஊரறியப் போட்டுவிட்டார். காக்சனுக்கு அன்று எப்படி இருந்திருக்கும்!

இன்று அந்த வேலையை டப்பிளேட் செய்கிறது. பாடகர் தன் பாட்டையே உங்கள் சவுண்டின் பெயரைச் செருகி, உங்களுக்காக மட்டும் பாடித் தருவார். முன்பெல்லாம் அது அசிடேட் தட்டு. ஊசி பட்டுப் பட்டுச் சீக்கிரமே தேய்ந்துவிடும். இப்போது கோப்பாகவே வருகிறது. பெரிய பெயர்களுக்குக் காசைக் கொட்ட வேண்டாம். மூன்று நான்கு போதும். ஆனால் உங்கள் பெயர் முதல் வரியிலேயே வர வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். பல பாட்டுகளை அரை நிமிடத்தில் வெட்டிவிட்டு அடுத்ததற்குப் போவீர்கள். மூன்றாவது சரணத்தில் வரும் பெயர் யார் காதில் விழும்?

வெளியாள் என்று தயங்க வேண்டாம். 1999இல் நியூயார்க்கில் நடந்த உலகக் கிளாஷில் வென்றது ஜப்பானின் யோகோஹாமாவிலிருந்து வந்த மைட்டி கிரவுன். மைக்கில் ஜமைக்கா பேச்சைப் பாதி கற்றுக்கொண்டு உளறுவதைவிட, உங்கள் இயல்பில் இரண்டே வரி சொல்லிவிட்டுப் பாட்டை விடுங்கள்.

அப்புறம், கடைசிச் சுற்றான ‘டப் ஃபி டப்’பில் ஆளுக்கு ஒரு பாட்டாக மாறி மாறிப் போகும். உங்களிடம் இருப்பதில் சிறந்த ஐந்தைத் தனி ஃபோல்டரில் போட்டு, அதுவரை திறக்காமல் வையுங்கள். முதல் சுற்றில் கூட்டம் எவ்வளவு கத்தினாலும் சரி.