பிரதிபா பாட்டீலை எதை வைத்து மதிப்பிடுவது?

நாட்டின் முதல் பெண் குடியரசுத் தலைவர் என்பதற்கு மேல் பிரதிபா பாட்டீலைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். வேலூர்க்காரனான என்னால் 2011 ஆகஸ்ட் மாதத்தைத் தவிர்த்துவிட்டு இதற்குப் பதில் எழுத இயலாது.

அவர் திடீரென்று வந்தவர் அல்லர். 1962இல், 27 வயதில், மகாராஷ்டிரச் சட்டமன்றத்துக்குள் நுழைந்தவர். மாநில அமைச்சர், மாநிலங்களவைத் துணைத் தலைவர், மக்களவை உறுப்பினர், ராஜஸ்தானின் முதல் பெண் ஆளுநர் என்று வளர்ந்து, 2007இல் அப்போதைய குடியரசுத் துணைத் தலைவர் பைரோன் சிங் ஷெகாவத்தையே தோற்கடித்தார். 74 வயதில் சுகோய் போர் விமானத்தில் பறந்ததையும், வெளிநாட்டுப் பயணச் செலவுக்காக வாங்கிக்கட்டிக் கொண்டதையும் பலரும் எழுதிவிட்டார்கள்.

எங்கள் ஊர் டீக்கடைகளில் அவர் பெயர் அடிபட்டது கருணை மனுக்களால்தான். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் மரண தண்டனை பெற்று, தொரப்பாடியில் உள்ள வேலூர் மத்திய சிறையில் இருந்த முருகன், சாந்தன், பேரறிவாளன் ஆகியோரின் மனுக்களை அவர் நிராகரித்ததும், செப்டம்பர் 9 தூக்குத் தேதியாகக் குறிக்கப்பட்டது. பாகாயம் பேருந்தில் முன்பின் தெரியாதவர்கள்கூட அந்தத் தேதியைப் பற்றியே பேசிக்கொண்டு போனார்கள். ஆகஸ்ட் 30 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. தண்டனையைக் குறைக்கக் கோரிச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியதும் அன்றைக்குத்தான்.

கோபம் முழுவதும் அவர் மீது பாய்ந்தது நியாயமில்லை என்பது என் கருத்து. அந்த மனுக்கள் 2000ஆம் ஆண்டிலிருந்து நிலுவையில் இருந்தவை, கே.ஆர். நாராயணன் காலத்திலும் முடிவாகவில்லை, நம் அப்துல் கலாம் காலத்திலும் முடிவாகவில்லை (இதை இங்கே சொன்னால் சிலருக்குப் பிடிக்காது). அமைச்சரவையின் ஆலோசனைப்படிதான் குடியரசுத் தலைவர் கையெழுத்திட முடியும். முப்பதுக்கும் மேற்பட்டோரின் தூக்குத் தண்டனையை ஆயுளாகக் குறைத்ததும் இதே பிரதிபா பாட்டீல்தான். அதற்காக, கொடுங்குற்றவாளிகளுக்கு இரக்கம் காட்டுகிறார் என்று வேறொரு தரப்பு அவரைத் திட்டியது.

என் குறை வேறு. ஆலோசனையை மறுபரிசீலனைக்காக ஒருமுறை திருப்பி அனுப்பும் அதிகாரத்தை அரசமைப்பின் 74ஆவது பிரிவு குடியரசுத் தலைவருக்குத் தருகிறது. பதினொரு ஆண்டுத் தாமதத்துக்குப் பிறகு ஒருவரைத் தூக்கிலிடலாமா என்ற ஒரு கேள்வியைக் கேட்டு அவர் அந்தக் கோப்பைத் திருப்பியிருக்கலாம். 2014 பிப்ரவரி 18இல் உச்ச நீதிமன்றம் மூவரின் தண்டனையையும் ஆயுளாகக் குறைத்தபோது சொன்ன காரணமும் அந்தத் தாமதம்தான்.