திகில் கதை எழுதியவர்களின் கவிதைகள் படிக்கத் தகுந்தவையா?

திகில் கதைகளுக்குப் பெயர்போன எழுத்தாளர்கள் எழுதிய கவிதைகள் தேறுமா, எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

தேறும். சிலருடைய கவிதை அவர்களுடைய கதையைவிட மேல் என்றுகூடச் சொல்வேன். கதை எழுதி ஓய்ந்த நேரத்தில் கிறுக்கிய உதிரிச் சரக்கு என்றுதான் பலர் இவற்றை ஒதுக்குகிறார்கள். நடந்தது நேர்மாறு. இவர்களில் முக்கியமான சிலர் கவிஞராகத்தான் புறப்பட்டார்கள். கவிதையால் அடுப்பு எரியாததால் பேய்க் கதைக்கு வந்தார்கள்.

அமெரிக்கத் திகில் கதாசிரியர் எட்கர் ஆலன் போ 1827இல், 18 வயதில், தன் பெயரைக்கூடப் போடாமல் ‘ஒரு பாஸ்டன்காரர்’ என்று மட்டும் அச்சிட்டு வெளியிட்ட முதல் நூல் கவிதை நூல். 1831க்குள் மூன்று கவிதை நூல்கள் வந்துவிட்டன. நாம் நடுங்கிப் படிக்கும் கதைகள் எல்லாம் அதற்குப் பிறகுதான். 1845இல் வந்த கவிதைத் தொகுப்பின் முன்னுரையில், தன் கைமீறிய சூழ்நிலைகளால் கவிதையில் முழுமூச்சாக இறங்க முடியாமல் போனது என்று வருந்துகிறார். பத்திரிகை வேலை, ஓயாத பணமுடை, நோயில் கிடந்த மனைவி. கைமீறியவை எவை என்று ஊகிப்பது கடினமல்ல.

அதே 1845 ஜனவரியில் வெளிவந்ததுதான் ‘தி ரேவன்’. காதலியை இழந்த ஒருவனின் அறைக்குள் நள்ளிரவில் அண்டங்காக்கை ஒன்று நுழைகிறது. என்ன கேட்டாலும் ‘இனி ஒருபோதும் இல்லை’ என்ற ஒரே பதிலைச் சொல்கிறது. 108 வரிகளில் நடப்பது அவ்வளவுதான். பறவையின் பதில் மாறுவதில்லை, இவன் கேள்விதான் மாறுகிறது. என்ன பதில் வரும் என்று நன்றாகத் தெரிந்தபின்னும், அந்தப் பதில் எங்கே அதிகமாக வலிக்குமோ அங்கே பார்த்துக் கேட்கிறான். எனக்குக் காக்கையிடம் பயமில்லை, கேட்கிறவனிடம்தான் பயம். இந்தக் கவிதையைக் கணக்குப் போடுவதுபோல் படிப்படியாகக் கட்டினேன் என்று அடுத்த ஆண்டு ஒரு கட்டுரை எழுதினார் எட்கர் போ. முதலில் கிளியை வைக்க நினைத்தாராம். நல்லவேளை! கிளி என்றால் நமக்குச் சீட்டு எடுத்துத் தரும் ஜோசியக் கிளியல்லவா நினைவுக்கு வந்திருக்கும்? அந்தக் கட்டுரையை முழுக்க நம்பிவிடாதீர்கள். எழுதி முடித்தபின் எல்லாமே திட்டமிட்டதாகத்தான் தோன்றும்.

மறுபடி மறுபடி வரும் வரியால் பயத்தை ஏற்றுவதை நம் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. நான் மொரீசியஸ்காரன். எங்கள் வீட்டில் பேச்சு பெரும்பாலும் கிரியோல், பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும், தமிழ் என்பது தமிழ் வகுப்பிலும் கோவிலிலும் கிடைத்தது. அதனால் நான் அறிந்த முதல் திகில் கவிஞர் காரைக்கால் அம்மையார். ‘கொங்கை திரங்கி நரம்பெழுந்து’ என்று தொடங்கும் அந்தப் பெண்பேயின் வருணனைக்கு முன்னால் மேல்நாட்டுப் பேய்கள் பல வெறும் வெள்ளைத் துணிதான். ஆனால் அந்தப் பதிகத்தில் எரிகிற சுடுகாட்டையும் அலறுகிற பேயையும் காட்டியபின் ஒவ்வொரு பாட்டும் அப்பன் இடமான திருவாலங்காட்டில் வந்து இளைப்பாறுகிறது. எட்கர் போவின் காக்கை இளைப்பாற விடுவதில்லை. அவருடைய ‘தி காங்க்கரர் வர்ம்’ (1843) இன்னும் மோசம். தேவதைகள் அமர்ந்து நாடகம் பார்க்கிறார்கள்; மேடையில் மனிதர்கள் ஆடுகிறார்கள்; சிவந்த புழு ஒன்று ஊர்ந்து வந்து நடிகர்களைத் தின்கிறது; திரை விழுகிறது. நாடகத்தின் பெயர் மனிதன், கதாநாயகன் புழு. பட்டினத்தாரைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குப் புழு புதிதல்ல. அங்கே புழுவுக்கு அப்பால் சிவன் இருக்கிறான், இங்கே ஒருவருமில்லை. இந்தக் கவிதையைப் பிறகு ‘லிஜீயா’ கதைக்குள் சாகப்போகிறவள் எழுதியதாகவே நுழைத்துவிட்டார். என்னைக் கேட்டால் அந்தக் கதையில் மிகவும் பயங்கரமான பக்கம் அதுதான்.

எட்கர் போவை ஐரோப்பாவுக்கு அறிமுகப்படுத்தியவர் எங்கள் தீவில் கால்வைத்தவர் என்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை உண்டு. பிரெஞ்சுக் கவிஞர் ஷார்ல் பொதலேர் 1841இல், 20 வயதில், கல்கத்தாவுக்குப் போகும் கப்பலில் ஏற்றிவிடப்பட்டார். வழியில் புயலில் அடிபட்ட அந்தக் கப்பல் மொரீசியஸில் ஒதுங்கியது. இங்கே தனக்கு விருந்தோம்பிய வீட்டு அம்மையார்மீது ஒரு சானெட் (14 வரிக் கவிதை) எழுதினார், பக்கத்துத் தீவான ரெயூனியன் வரை போனார், இந்தியாவைப் பார்க்காமலே பிரான்சுக்குத் திரும்பிவிட்டார். அந்தச் சானெட்டும் இடம்பெற்ற அவருடைய கவிதை நூல் 1857இல் வழக்குக்கு ஆளானது. அதற்கு முந்திய ஆண்டிலிருந்தே எட்கர் போவின் கதைகள் அவருடைய பிரெஞ்சில் நூல்களாக வரத் தொடங்கியிருந்தன. பொதலேர் திகில் எழுத்தாளர் அல்லர்தான். ஆனால் அடுத்து சொல்லப்போகிறவருக்கு அவர் வேண்டும்.

அவர் கிளார்க் ஆஷ்டன் ஸ்மித், கலிஃபோர்னியாவின் ஆபர்ன் ஊரைச் சேர்ந்த திகில் கதாசிரியர். 1912இல், 19 வயதில், முதல் கவிதை நூல் வெளிவந்தது. பள்ளிப் படிப்பு சொற்பம். தானாகவே பிரெஞ்சு கற்றுப் பொதலேரை மொழிபெயர்த்தார். அவருடைய ‘தி ஹஷீஷ் ஈட்டர்’ ஏறக்குறைய 600 வரி நீளும் ஒரு கனவு. ‘கனவுகளின் பேரரசன் நான், பணியுங்கள்’ என்று தொடங்கி, உலகம் உலகமாகத் தாவி, கடைசியில் அந்தப் பேரரசனைத் துரத்தும் கூட்டத்தில் போய் முடிகிறது. 1930ஐ ஒட்டிய சில ஆண்டுகளில் அவர் கதைகளை எழுதிக் குவித்தது, வயதான பெற்றோரைக் காப்பாற்றப் பணம் வேண்டியிருந்ததால். அவர்கள் மறைந்தபின் கதை ஊற்று ஏறக்குறைய வற்றிவிட்டது. கவிதை நிற்கவில்லை. இதைவிடச் சான்று வேண்டுமா?

இன்னொரு அமெரிக்கத் திகில் கதாசிரியர் ஹெச். பி. லவ்கிராஃப்ட் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். இளமையில் 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர்களைப்போல் எழுதிப் பார்த்தவை பெரும்பாலும் வறட்டுச் செய்யுள். சிலவற்றில் இனவெறுப்பு அப்பட்டமாக இருக்கிறது. அவர் வெறுத்த கூட்டத்தில் என்னைப் போன்றவர்களும் அடக்கம் என்பதால் அதைத் தாண்டிப் போக எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் 1929 டிசம்பர் கடைசியிலும் 1930 ஜனவரி முதல் நாட்களிலுமாக எழுதிய ‘ஃபங்கை ஃப்ரம் யுகாத்’ வேறு ரகம். 36 சானெட்கள். முதல் மூன்று ஒரு தொடர்கதை: துறைமுகத்தை ஒட்டிய சந்துகளில் இருண்ட பழைய கடை, ஒரு புத்தகம், எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடக்கும்போது பின்னால் காலடி ஓசை. போர்ட் லூயி துறைமுகத்துப் பழைய தெருக்களில் மாலையில் நடந்தவர்களுக்கு அந்தக் கடை எங்கே இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கதைகளில் அவரைக் கெடுக்கும் பெயரடைக் குவியலுக்கு 14 வரியில் இடம் இல்லை. அதுதான் அவரைக் காப்பாற்றியது.

இவற்றை மௌனமாகப் படிக்காதீர்கள். எங்கள் ஊரில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கை வந்தால் எல்லோரும் வீட்டுக்குள் அடைந்துவிடுவோம். மின்சாரமும் போய்விட்டால் பேச்சுதான் துணை. அப்படி ஓர் இரவில் அக்காள் பிள்ளைகளுக்கு மெழுகுவத்தி வெளிச்சத்தில் வாசித்துக் காட்டினேன். ‘தி ரேவன்’ பாதியைத் தாண்டுவதற்குள் காக்கையின் பதிலை அவர்களே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். முதலில் சிரித்துக்கொண்டு, பிறகு சிரிப்பு இல்லாமல். லவ்கிராஃப்டின் முதல் மூன்று சானெட்களுக்கும் நல்ல வரவேற்பு. ஸ்மித்தை எடுத்தேன், பத்து வரிக்குள் “மாமா, பசிக்கிறது” என்றார்கள். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டியவர் அவர். அவரைத் தனியாக, பிறகு படியுங்கள்.

தமிழில் கேட்டால் புதுமைப்பித்தன்தான் நினைவுக்கு வருகிறார். ‘காஞ்சனை’ எழுதிய கை கவிதையில் பேயின் பக்கமே போகாமல் நக்கலுக்குத் திரும்பிவிட்டது. ‘ஓடாதீர்’ என்ற கவிதையில் சோகக் கதைக்கு ஒரு விலை, காதல் கதைக்கு ஒரு விலை என்று எழுத்தாளனின் பிழைப்பைக் கடைவிரித்துக் காட்டிவிட்டு, செத்தபின் எனக்காக நிதி திரட்டாதீர்கள் என்கிறார். காசுக்காகக் கதை எழுதுவதன் கசப்பை எட்கர் போவும் ஸ்மித்தும் கடிதங்களிலும் முன்னுரைகளிலும் முனகினார்கள். இவர் அதையே கவிதை ஆக்கிவிட்டார்.

ஆகவே ‘தி ரேவன்’, ‘தி காங்க்கரர் வர்ம்’, லவ்கிராஃப்டின் சானெட்கள், பிறகு ஸ்மித் என்ற வரிசையில் போங்கள். எட்கர் போவும் லவ்கிராஃப்டும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறார்கள். ஸ்டீஃபன் கிங்கை விட்டுவிட்டேனே என்று யாராவது கேட்பீர்கள். மனைவி டபிதாமீது தனக்குக் காதல் வந்ததே பல்கலைக்கழகக் கவிதைப் பட்டறையில்தான் என்று எழுதியவர் அவர். கவிதைமீது பிரியம் இல்லாதவர் அல்லர். 1985இல் வந்த ‘ஸ்கெலட்டன் க்ரூ’ தொகுப்பில் ‘பாரனாய்ட்: எ சான்ட்’ என்ற கவிதை இருக்கிறது. எல்லோரும் தன்னை வேவு பார்க்கிறார்கள் என்று நம்பும் ஒருவனின் புலம்பல். மூச்சுவிடாமல் ஓடுகிறது, நன்றாகவே இருக்கிறது. மற்றவற்றில் கதையை உடைத்து வரிவரியாக அடுக்கியதுபோல்தான் எனக்குப் படுகிறது. அவருடைய ரசிகர்கள் கோபித்துக்கொள்ளலாம். நானும் ரசிகன்தான், நாவல்களுக்கு.