சீனாவில் வேலை பார்க்கும் வெளிநாட்டவர் சொந்தமாக பைக் வாங்கி ஓட்ட முடியுமா? எவ்வளவு சிக்கல்?

முடியும். நான் சோங்சிங்கில் வேலை பார்த்த வருடங்களில் என் பெயரிலேயே பதிவு செய்த 150 சிசி வண்டி ஒன்று வைத்திருந்தேன், லைசென்ஸும் அங்கேயே எடுத்ததுதான். ஆனால் இதோடு பதிலை முடித்தால் நீங்கள் நாளைக்கே ஷென்சென்னில் ஒரு வண்டியை வாங்கிப் போட்டு மாட்டிக்கொள்வீர்கள். கம்பெனியில் புதிதாக வந்து சேரும் பசங்க எல்லோரும் "எந்த வண்டி நல்லா இருக்கும்?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அதைக் கடைசியாகக் கேளுங்கள். முதலில் எந்த ஊர், அந்த ஊரில் எந்த நம்பர் பிளேட், உங்களிடம் என்ன லைசென்ஸ் என்று பாருங்கள்.

உலகத்துக்கே பைக் செய்து அனுப்பும் நாடு, தன் பெரிய நகரங்கள் பலவற்றில் பைக்கை உள்ளே விடுவதில்லை. குவாங்சோவில் 2007 ஜனவரி 1 முதல் நகர்ப் பகுதியில் தடை. போக்குவரத்து நெரிசல், பைக் டாக்சி, ஓடும் வண்டியிலிருந்து பையைப் பறித்துக்கொண்டு போவது என்று அப்போது காரணங்கள் சொன்னார்கள். பெய்ஜிங்கில் தடை இல்லை, ஆனால் பிளேட் இரண்டு ஜாதி. 'ஜிங் ஏ' இருந்தால் நகருக்குள் போகலாம். 'ஜிங் பி' என்றால் நான்காவது சுற்றுச்சாலைக்குள் வரக்கூடாது. ஜிங் ஏ புதிதாகக் கொடுப்பதில்லை, ஏற்கெனவே ஒருவர் வைத்திருப்பதை வாங்கினால்தான் உண்டு, அதற்கு வண்டி விலையைப் போல் பல மடங்கு கேட்பார்கள். ஷாங்காயிலும் ஏறக்குறைய இதே கதைதான், அங்கே 'ஹூ சி' பிளேட்டோடு வெளிச் சுற்றுச்சாலைக்கு உள்ளே வர முடியாது. இன்னொரு பக்கம் சியான் நகரம் 2017 கடைசியில் தடையை எடுத்துவிட்டது.

சோங்சிங்குக்கு இந்தத் தலைவலி குறைவு. மலை மேல் கட்டிய ஊர், ஒரு கட்டடத்தின் பத்தாவது மாடியிலிருந்து வெளியே வந்தால் இன்னொரு தெருவில் நிற்பீர்கள். மற்ற சீன நகரங்களில் ஈசல் மாதிரி மொய்க்கும் மின் சைக்கிள் அந்த ஏற்றத்தில் முக்கி முனகி நின்றுவிடும் என்பதால் அங்கே பெட்ரோல் பைக்குக்குத்தான் மவுசு. சாப்பாடு கொண்டுவரும் பையன்கள்கூடப் பெரும்பாலும் பைக்கில்தான் வருவார்கள். லிஃபான், லோன்சின், சோங்ஷென் என்று நாம் கேள்விப்பட்ட கம்பெனிகள் எல்லாம் அந்த ஊர்தான். அதனால் உதிரிபாகம் மூலைக்கு மூலை கிடைக்கும், பிரேக் கேபிள் மாற்றக் கடையில் நின்றால் வேலை முடிவதற்குள் பக்கத்தில் இருப்பவர் உங்கள் கார்புரேட்டரைப் பற்றி நாலு அபிப்பிராயம் சொல்லியிருப்பார்.

சரி, லைசென்ஸ். ஊரிலிருந்து எடுத்து வரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி அங்கே செல்லாது, அந்த ஒப்பந்தத்தில் சீனா இல்லை. சும்மா சுற்றிப் பார்க்க வந்தவர்களுக்கு மூன்று மாதம் வரை வாடகைக் கார் ஓட்டத் தற்காலிக அனுமதி வாங்க வழி உண்டு. வேலை விசாவும் தங்கும் அனுமதியும் இருப்பவர்கள் முறையான சீன லைசென்ஸ் எடுத்துவிடுவதுதான் சரி. பாஸ்போர்ட், போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்கும் வசிப்பிடப் பதிவுச் சீட்டு, நம்ம ஊர் லைசென்ஸ், அதற்கு அவர்கள் ஏற்றுக்கொள்ளும் அலுவலகத்தில் செய்த சீன மொழிபெயர்ப்பு, கண் பரிசோதனை, வெள்ளைப் பின்னணியில் போட்டோ. அப்புறம் கம்ப்யூட்டரில் தியரி தேர்வு, நூற்றுக்குத் தொண்ணூறு எடுக்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதலாம், ஆனால் அந்த ஆங்கிலம் ஒரு தினுசாக இருக்கும், கேள்வித் தொகுப்பை ஆப்பில் போட்டு மனப்பாடம் பண்ணிவிட்டுப் போவதே புத்திசாலித்தனம். என் நண்பர் ஒருவரின் இந்திய லைசென்ஸில் கியர் பைக் இருந்தது, தியரியோடு அவருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். எல்லா ஊரிலும் அப்படியே நடக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், முதலில் போய்க் கேளுங்கள். என்னுடையதில் கார் மட்டும்தான் இருந்தது, ஆகவே பைக்குக்குத் தனியாகத் தேர்வு.

இங்கே ஒரு நல்ல விஷயம் சொல்கிறேன். பைக் லைசென்ஸில் மூன்று வகை: டி, இ, எஃப். எஃப் என்றால் 50 சிசி வரையிலான சின்ன வண்டி. இ என்றால் சாதாரண இரு சக்கரம். டி என்பது மூன்று சக்கர மோட்டார் சைக்கிள், ஆனால் அது கையில் இருந்தால் மற்ற இரண்டும் ஓட்டலாம். டி-க்கான தேர்வை மூன்று சக்கர வண்டியில்தான் வைப்பார்கள். கம்பங்களுக்கு இடையே வளைந்து போவது, மேட்டில் குறித்த இடத்தில் நிறுத்திப் பிறகு பின்னால் உருளாமல் கிளப்புவது, ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் குறுகிய பலகை மேல் ஏற்றிப் போவது. மூன்று சக்கரம் சாயாது, காலைக் கீழே ஊன்றிவிடுவோமோ என்ற பயமும் கிடையாது. அதனால் விவரம் தெரிந்தவர்கள் நேராக டி-க்குத்தான் போவார்கள். பக்கத்தில் ஆள் உட்காரும் தொட்டி (சைட்கார்) வைத்த பழைய சாங்ஜியாங் 750 மேல் ஆசை இருந்தாலும் இந்த டி இல்லாமல் முடியாது. அந்த வண்டி சோவியத் எம்-72 வழியாக பிஎம்டபிள்யூ ஆர்-71-இலிருந்து வந்தது, பெய்ஜிங்கிலும் ஷாங்காயிலும் வெள்ளைக்காரர்களுக்கு அதன் மேல் ஒரு தனி மோகம். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை, ஓட்டும் நேரத்தைவிட ரிப்பேர் பண்ணும் நேரம்தான் அதிகம் என்பார்கள்.

லைசென்ஸில் எண் இருக்கும் இடத்தில் பாஸ்போர்ட் எண்தான் அச்சாகும். பாஸ்போர்ட் புதுப்பித்தால் அந்த எண் மாறும், உடனே போய் லைசென்ஸையும் வண்டிப் பதிவையும் திருத்திக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது கம்ப்யூட்டரில் நீங்களே இல்லாத ஆளாகிவிடுவீர்கள்.

"லைசென்ஸ் எதுக்கு, எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கிட்டா போதுமே" என்று நிறைய பேர் சொல்வார்கள். இதில் பாதிதான் உண்மை. 2019 ஏப்ரல் 15 முதல் அமலுக்கு வந்த தரவிதிப்படி மின் சைக்கிள் என்றால் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது, எடை 55 கிலோவுக்குள், மோட்டார் 400 வாட்டுக்குள் இருக்க வேண்டும். எடையையும் பெடலையும் பற்றிய விதியை அப்புறம் கொஞ்சம் தளர்த்தினார்கள், ஆனால் 25 அப்படியே நிற்கிறது. அதற்கு மேல் ஓடினால் சட்டத்தின் கண்ணில் அது மோட்டார் சைக்கிள், அதே லைசென்ஸ், அதே பிளேட், அதே இன்சூரன்ஸ். கடைக்காரர் சிரித்துக்கொண்டே "ஒண்ணும் பிரச்சினை இல்லை" என்பார். அவருக்குப் பிரச்சினை இல்லைதான். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் 200 முதல் 2000 யுவான் வரை அபராதம், கூடவே 15 நாள் வரை உள்ளே வைக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. அதைவிட மோசம் விபத்து. இன்சூரன்ஸ் நிறுவனம் அடிபட்டவருக்குப் பணம் கொடுத்தாலும் லைசென்ஸ் இல்லாத உங்களிடமிருந்து அதைத் திரும்ப வசூலிக்கும் உரிமை அதற்கு உண்டு. "வெளிநாட்டுக்காரனை போலீஸ் கண்டுக்காது" என்ற பேச்சு ஒரு காலத்தில் உண்மையாக இருந்திருக்கலாம், இப்போது எல்லாச் சந்திப்பிலும் கேமரா இருக்கிறது, அது முகத்தைப் பார்த்து இரக்கப்படாது.

முறையாகச் செய்தால் ஆகும் செலவு உண்மையில் கம்மி. 50-இலிருந்து 250 சிசி வரை கட்டாய இன்சூரன்ஸ் வருடத்துக்கு 120 யுவான், 250-ஐத் தாண்டினால் 400. 150 சிசிக்கு மேல் போனால்தான் வண்டி வாங்கும்போது 10 சதவீத வரி. நான் 150-ஓடு நின்றதற்கு இதுதான் காரணம், கம்பெனிக்குப் போய்வர அதற்கு மேல் எதற்கு? ஆனால் கட்டாய இன்சூரன்ஸ் அடுத்தவருக்குத்தான், அதுவும் ஒரு வரம்புக்குள்தான் கொடுக்கும், உங்கள் கை காலுக்கு அதில் ஒரு பைசா கிடையாது. தனியாக விபத்துக் காப்பீடு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய வண்டி வாங்குவதாக இருந்தால் பதிவுப் புத்தகத்தில் உள்ள எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் வண்டியில் பொறித்திருப்பதோடு கண்ணால் ஒத்துப் பாருங்கள். நாட்டை விட்டுக் கிளம்பும் வெளிநாட்டவர் விற்கும் வண்டிகள் மலிவாகக் கிடைக்கும், அதில் பாதிக்குப் பேப்பரே இருக்காது, அல்லது பிளேட் வேறு மாகாணத்தில் யாரோ ஒருவர் பெயரில் இருக்கும். கடத்தி வந்த பெரிய வண்டிகளும் சுற்றுகின்றன, அவற்றை எந்தக் காலத்திலும் பதிவு செய்ய முடியாது.

அடுத்து பெட்ரோல். இதை யாரும் முன்கூட்டியே சொல்ல மாட்டார்கள். பல பங்க்குகளில் பைக்கைப் பம்ப்பின் பக்கத்தில் கொண்டுபோக விட மாட்டார்கள். சீருடை போட்ட அக்கா தூரத்திலேயே கையை நீட்டித் தடுப்பார், தரையில் மஞ்சள் கோடு போட்ட ஒரு மூலையில் நிறுத்தி எஞ்சினை அணைக்க வேண்டும். அங்கே நீண்ட மூக்கு வைத்த தகரக் கெண்டி ஒன்று இருக்கும், நம்ம ஊரில் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி. எத்தனை யுவானுக்கு என்று சொன்னால் அவர் அதில் பிடித்துத் தருவார், நீங்கள் அதைத் தூக்கிக்கொண்டு வந்து நீங்களே டாங்கில் ஊற்ற வேண்டும். சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் சிந்திவிடக் கூடாது என்றுதான் இந்த ஏற்பாடாம், ஆனால் ஜூலை மாதம் 40 டிகிரி வெயிலில் கெண்டியைச் சாய்த்து ஊற்றும்போது, நேராகக் குழாயில் போட்டால் சிந்துவதைவிட அதிகமாகத்தான் டாங்க் மேல் வழியும். முதலில் கொஞ்சமாக ஊற்றி மூக்கு சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு சாய்க்க வேண்டும், ஒரு பழைய துணி சீட்டுக்கு அடியில் எப்போதும் இருக்கட்டும். சில இடங்களில் கெண்டியில் வாங்குவதற்கு அடையாள அட்டையை மெஷினில் வைக்கச் சொல்வார்கள், நம்ம பாஸ்போர்ட் அதில் ஏறாது. அப்போது அவர்கள் நோட்டுப் புத்தகத்தில் கையால் எழுதும் வரை பின்னால் நிற்பவர்கள் ஹாரன் அடிப்பார்கள், சிரித்துக்கொண்டே நில்லுங்கள்.

சாலை வலது பக்கம், அது சீக்கிரம் பழகிவிடும், காலியான தெருவில் இடதுபுறம் திரும்பும்போதுதான் பழைய புத்தி எட்டிப் பார்க்கும். பழகாதது மின் சைக்கிள்கள். சத்தமே கேட்காது, எதிர்த் திசையிலிருந்து வரும், நடைபாதையிலிருந்து இறங்கும், குளிர்காலத்தில் ஓட்டுபவர் மெத்தை மாதிரி ஒரு போர்வையை ஹாண்டில்பாரில் மாட்டி அதற்குள் கையை விட்டுக்கொண்டு வருவார், பிரேக் எங்கே இருக்கிறது என்று அவருக்கே சந்தேகம். சோங்சிங்கின் மலைத் தெருக்களில் இவை குறைவு, செங்டு மாதிரிச் சமவெளி ஊருக்குப் போனால்தான் தெரியும். மோதினால் சட்டம் உங்களை மோட்டார் வாகனமாகவும் அவரை அப்படி இல்லாதவராகவும் பார்க்கும், உங்கள் மேல் தப்பே இல்லாவிட்டாலும் பத்து சதவீதம் வரை பொறுப்பு வரலாம். அதனால் முன்னால் ஒரு கேமரா மாட்டிக்கொள்ளுங்கள், மின் சைக்கிளுக்கான ஓரப் பாதைக்குள் நுழையாதீர்கள். அது உங்களுக்கு இல்லை, நீங்கள் கார் ஓடும் பாதையின் வலது ஓரத்தில்தான் போக வேண்டும்.

எக்ஸ்பிரஸ்வே விஷயத்தில் நாட்டுச் சட்டம் பைக்கைத் தடுக்கவில்லை, 80 கிலோமீட்டருக்கு மேல் போகாதே, பின்னால் ஆளை ஏற்றாதே என்று மட்டும் சொல்கிறது. மாகாணங்கள் பல தங்கள் பங்குக்குத் தடை போட்டிருக்கின்றன. எனக்கு அதில் வருத்தம் இல்லை. பழைய தேசியச் சாலைகள்தான் அழகு. ஜி 210-ஐப் பிடித்துத் தெற்கே இறங்கினால் குய்சோ மாகாணத்து மலைகளுக்குள் போய்விடலாம், லோவ்ஷான் கணவாயைத் தாண்டி சுன்யி. லாரிகள் எல்லாம் எக்ஸ்பிரஸ்வேக்குப் போய்விட்டதால் வளைவுகளில் மிளகாய் காயப்போட்டிருப்பார்கள், நீங்கள்தான் ஒதுங்கிப் போக வேண்டும். மேற்கே என்றால் புகழ்பெற்ற ஜி 318: காங்திங் தாண்டி 4,298 மீட்டர் உயரத்தில் செதுவோ கணவாய், அங்கே 150 சிசி வண்டி ஆஸ்துமா வந்தவர் மாதிரி ஏறும். லித்தாங், பாத்தாங் வரை நல்ல பயணம். அதன் பிறகு ஜின்ஷா ஆற்றுப் பாலம், அக்கரையில் திபெத். வெளிநாட்டவர் தனி அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் அதற்குள் போக முடியாது. சீன நண்பர்கள் சும்மா ஓட்டிக்கொண்டு போவார்கள், நீங்கள் கையசைத்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

சின்ன ஊர்களில் ராத்திரி தங்கப் போனால் "வெளிநாட்டவரைத் தங்கவைக்க எங்களுக்கு அனுமதி இல்லை" என்று கையை விரிப்பது வழக்கம். அந்தக் காரணத்தைச் சொல்லித் திருப்பி அனுப்பக் கூடாது என்று 2024-இல் மேலிடமே சொல்லிவிட்டது, ஆனாலும் இருட்டுவதற்கு முன்பே போன் பண்ணிக் கேட்டுவிடுங்கள்.

கிளம்பும்போது வண்டியை அதே ஊர்க்காரர் யாருக்காவது விற்பதுதான் சுலபம், வேறு ஊருக்கு மாற்றினால் அந்த ஊரின் புகை விதிக்கு ஒத்துவர வேண்டும். எதுவானாலும் வாங்குபவரோடு நேரில் போய்ப் பெயர் மாற்றிவிட்டுத்தான் பணத்தை வாங்குங்கள், "நான் அப்புறம் மாத்திக்கிறேன்" என்பவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். நீங்கள் சென்னையில் இறங்கின பிறகு அவர் தாண்டும் சிவப்பு விளக்கு எல்லாம் உங்கள் பெயரில்தான் ஏறும்.