அறிவியல் குழுவில் என் பதிவை நிர்வாகி நிராகரித்துவிட்டார். இது நியாயமா?

என்ன எழுதினீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. ஐன்ஸ்டீனின் சார்பியலில் ஓட்டை கண்டுபிடித்தவர் என்று வைத்துக்கொள்கிறேன். இப்படிக் கேட்பவர்களில் பலர் அந்த ரகம்தான். உடனே, 'கணிதமேதை ராமானுஜனையும்தான் முதலில் மதிக்கவில்லை' என்று அவரை இழுக்காதீர்கள். கும்பகோணத்துக்கு அருகில் குடியிருப்பதால் அந்த வாதத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. 1912இல் லண்டன் பேராசிரியர் எம்.ஜே.எம். ஹில் அவரைத் தூக்கிவிடவில்லைதான். ஆனால் கூட்டுத்தொகை ஓர் எண்ணில் நிலைக்காத விரிதொடர்களில் ராமானுஜன் சறுக்கியிருக்கிறார் என்பதைச் சுட்டிக்காட்டி, எந்தப் புத்தகத்தைப் படிக்க வேண்டும் என்றும் எழுதினார். எனக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை.

நன்னிலம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. வயலில் துளையிட்ட குழாயைப் புதைத்து, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகு மறுபடி தண்ணீர் கட்டுவதைக் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்பார்கள். நல்ல முறைதான், வேளாண் துறை நண்பர்கள் சண்டைக்கு வர வேண்டாம். ஆனால் எங்கள் களிமண்ணில் அந்த அளவை நெருங்கும்போதே வெடிப்பு விட்டுவிடுகிறது. அதன் பிறகு பாய்ச்சும் தண்ணீரில் ஒரு பங்கு வயலில் நிற்காமல் வெடிப்பு வழியே அடிமண்ணுக்குப் போய்விடுகிறது. குழாயின் அளவுகளைத் தேதிவாரியாகக் குறித்து, வெடிப்பில் அளவுகோலை நிறுத்திப் படமெடுத்து, ஒரு மண்ணியல் குழுவுக்கு அனுப்பினேன். 'தனிப்பட்ட கருத்து' என்று இரண்டே சொல்லில் திருப்பிவிட்டார் நிர்வாகி. அளவுகோலில் உள்ள எண் எப்படி ஐயா என் கருத்தாகும்? பிறகு வேறொருவர் வெளிநாட்டுக் கட்டுரை ஒன்றின் இணைப்போடு இதையே எழுதினார். அதற்கு ஏகப்பட்ட பாராட்டு.

நிர்வாகிகள் சம்பளமில்லாமல் உழைக்கிறார்கள், வடிகட்டாவிட்டால் குழு குப்பைமேடாகிவிடும் என்பதெல்லாம் எனக்கும் தெரியும். காரணம் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன். கொள்முதல் நிலையத்தில்கூட ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று மீட்டரைக் காட்டித்தான் நெல்லைத் திருப்புகிறார்கள். (அந்த மீட்டர் ஆளுக்கொரு எண் காட்டுவதும், மூட்டைக்கு இவ்வளவு என்று கை நீளுவதும், மழையில் நெல் முளைக்கும்வரை தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நாங்கள் காத்துக் கிடப்பதும் தனிக் கதை. அதை எந்தத் தளத்தில் கேட்பது?)

உங்கள் பதிவில் அளவும் தேதியும் படமும் இருந்தால் மறுபடி அனுப்புங்கள். எந்த விதியின்படி மறுத்தீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். ஐன்ஸ்டீன் தவறு என்று மட்டும் எழுதியிருந்தால், மன்னிக்கவும், நானும் நிராகரித்திருப்பேன்.