ஹீட் பம்ப்: 8.8 எப்படி 7.5 ஆனது?

வீட்டைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் பயன்படும் உங்கள் ஹீட் பம்புக்கு விளம்பரத்தாளில் 8.8, சான்றிதழில் 7.5 என்று இருப்பதால், தயாரிப்பாளர் ஏமாற்றிவிட்டாரா என்று கேட்டீர்கள். ஏமாற்றவில்லை. பழைய விளம்பரத்தாளில் நீங்கள் பார்த்த 8.8, எச்எஸ்பிஎஃப் (சூடாக்கும் பருவம் முழுவதும் செலவாகும் மின்சாரத்துக்கு எவ்வளவு வெப்பம் கிடைக்கிறது என்ற திறன் அளவு). சான்றிதழில் உள்ள 7.5, எச்எஸ்பிஎஃப்2. பெயரில் ஓர் எண்தான் கூடுதல். ஆனால் அளவுகோலே வேறு. 2023 ஜனவரி 1 முதல் தயாரான ஸ்பிளிட் (வெளி அலகு, உள் அலகு எனப் பிரிந்த) ஹீட் பம்புகளுக்கு அமெரிக்க எரிசக்தித் துறை விதித்த குறைந்தபட்சம் 7.5. உங்களுடையது விளிம்பில் நிற்கிறது, ஆனாலும் தேறிவிட்டது.

எண் இறங்கக் காரணம் சோதனை முறை. முன்பு காற்றுக் குழாய்களின் தடை ஏறக்குறைய இல்லாதது போல வைத்துச் சோதித்தார்கள். இப்போது 0.5 அங்குல நீர் உயரத்துக்குச் சமமான அழுத்தத்தை எதிர்த்து மின்விசிறி காற்றைத் தள்ள வேண்டும். வீட்டு நிலவரத்துக்கு இதுவே நெருக்கம். முன்னமே செய்திருக்க வேண்டியது.

வெளி அலகின் பக்கவாட்டுத் தகட்டைப் பாருங்கள். பெரும்பாலும் வெயிலில் மங்கியிருக்கும், துடைத்துவிட்டுப் படியுங்கள். அதிலுள்ள மாடல் எண், உள் காயிலின் (வீட்டுக்குள் உள்ள வெப்பமாற்றுச் சுருள்) மாடல் எண் இரண்டையும் சேர்த்து, இந்தச் சாதனங்களுக்குச் சான்றளிக்கும் அமெரிக்கத் தொழில் அமைப்பான ஏஎச்ஆர்ஐயின் இணையப் பட்டியலில் தேடுங்கள்.

சான்றிதழ் எண் அந்த ஜோடிக்கு மட்டுமே பொருந்தும். பழைய காயிலை அப்படியே விட்டு வெளி அலகை மட்டும் மாற்றியிருந்தால், 7.5 என்ற கணக்கை நம்ப வேண்டாம்.