3.5 விநாடியா, 6.5 விநாடியா?

கேள்வி: வார இறுதிகளில் ஓட்டி மகிழ்வதற்கென்றே ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்க இருக்கிறேன். ஏறக்குறைய ஒரே விலையில் இரண்டைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறேன். ஒன்று, நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் தானியங்கி கியர் கொண்ட டர்போ கார், 3.5 விநாடியில் 100 கி.மீ. வேகத்தை எட்டும் என்கிறது விளம்பரம். மற்றொன்று, கையால் கியர் மாற்றும், எடை குறைந்த, இரண்டு இருக்கைக் கார், அதற்கு 6.5 விநாடி ஆகிறது. ஓட்டிப் பார்த்தபோது இரண்டாவதுதான் பிடித்தது. ஆனால், அதே பணத்துக்கு மெதுவான காரை வாங்குவது ஏமாளித்தனம் என்கிறார்கள் நண்பர்கள். என்ன செய்யலாம்?

பதில்: பிடித்ததையே வாங்குங்கள். நண்பர்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்கள் என்பதால், அந்த 3.5 எப்படிக் கிடைக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

இத்தகைய எண்கள் நல்ல பிடிமானமுள்ள தளத்தில், சூடேறிய டயர்களுடன், புறப்பாட்டை மின்னணுக் கருவியே கவனித்துக்கொள்ளும் ‘லாஞ்ச் கன்ட்ரோல்’ வசதியைப் பயன்படுத்தி எடுக்கப்படுபவை. சில நிறுவனங்களும், குறிப்பாக அமெரிக்கப் பத்திரிகைகளும், கார் முதல் ஓரடி தூரத்தைக் கடந்த பிறகே நேரத்தைக் கணக்கிடத் தொடங்குவதால், அதிலேயே 0.2 முதல் 0.3 விநாடி வரை குறைந்துவிடுகிறது. டெஸ்லா மாடல் எஸ் பிளெய்டின் புகழ்பெற்ற 1.99 விநாடியும் அப்படிக் கழித்துச் சொல்லப்பட்டதுதான். அதுவும் 100 கி.மீ. அல்ல, அதைவிடச் சற்றுக் குறைவான 60 மைல் வேகத்துக்கான நேரம். எனவே, ஒரு விளம்பர எண்ணை இன்னொன்றுடன் ஒப்பிடுவதற்கு முன், இரண்டும் ஒரே முறையில் அளக்கப்பட்டவையா, கூடுதல் பணம் கட்டி வாங்க வேண்டிய டயரோ பேக்கேஜோ அதில் சேர்ந்திருக்கிறதா என்று பொடி எழுத்துக் குறிப்புகளைப் படித்துவிடுங்கள்.

எண் உண்மையாகவே இருந்தாலும், அதை நீங்கள் எத்தனை முறை அனுபவிப்பீர்கள்? ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்து நான்கு விநாடி வைத்திருந்தால், பெரும்பாலான சாலைகளின் வேகவரம்பு முடிந்துவிடும். முதுகை இருக்கையோடு அறையும் அந்த விசை முதல் வாரம் சிரிக்க வைக்கும், பிறகு பழகிவிடும்.

இப்போது இரண்டாவது காரை எடுத்துக்கொள்வோம். வளைவு நெருங்குகிறது. பாதத்தின் முன்பகுதியால் பிரேக்கை அழுத்தியபடியே, மூன்றாம் கியரிலிருந்து இரண்டுக்கு இறக்கும் நேரத்தில், அதே காலின் வெளியோரத்தால் ஆக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டி, இன்ஜினின் சுழற்சியை உயர்த்திய பின் கிளட்சை விடுகிறீர்கள். சரியாக அமைந்தால் கார் குலுங்காமல் வளைவுக்குள் நுழையும். தவறினால் ஓர் உதறலில் காட்டிக்கொடுத்துவிடும். மணிக்கு 60 கி.மீ. வேகத்திலேயே இதெல்லாம் நடக்கிறது. செயல்திறன் எண்கள் காரின் எல்லையை அளப்பவை. நாம் வண்டி ஓட்டுவதோ அந்த எல்லைக்கு வெகு கீழே.

தயாரிப்பாளர்களுக்கும் இது தெரியாததல்ல. போர்ஷே 2013இல் அறிமுகப்படுத்திய 911 ஜிடி3 காரில் கையால் மாற்றும் கியர் நீக்கப்பட்டது. 2016இல் அத்தகைய கியருடன் 911 ஆர் என்ற காரை 991 எண்ணிக்கையில் மட்டும் வெளியிட்ட நிறுவனம், 2017இல் ஜிடி3யிலும் அதை மீண்டும் தந்தது. நிறுவனத்தின் கணக்கிலேயே தானியங்கி கியருக்கு 3.4 விநாடியும் கைக் கியருக்கு 3.9 விநாடியும் ஆயின. ஆனாலும் அரை விநாடியை விட்டுக்கொடுக்க வாங்குவோர் இருந்தார்கள். 2012இல் வந்த டொயோட்டா 86 இன்னும் வேடிக்கையானது. 200 குதிரைத்திறன் கொண்ட அந்தக் காரில், எரிபொருள் சிக்கனத்துக்குப் பெயர்பெற்ற பிரியஸ் ஹைப்ரிடிலும் பயன்படுத்தப்பட்ட வகை டயர்களையே பொருத்தினார்கள். பிடிமானம் குறைவாக இருந்தால், அதிக வேகம் இல்லாமலேயே காரின் போக்கை உணர முடியும் என்பதே அதன் நோக்கம்.

இதனால் மெதுவான கார் எல்லாம் இன்பம் தரும் என்று பொருளில்லை. ஸ்டீயரிங்கில் உயிரே இல்லாத எடை குறைந்த கார்களும் உண்டு. மழையில் நெடுந்தூரம் செல்பவருக்கும், பந்தயத் தடத்தில் நேரம் பார்த்து ஓட்டுபவருக்கும் உங்கள் நண்பர்கள் சொல்லும் காரே பொருத்தமானது. நீங்கள் கேட்டிருப்பது வார இறுதி மகிழ்ச்சியை.

முன்பணம் கட்டுவதற்கு முன், இரண்டாவது காரை இன்னொரு முறை, முக்கால் மணி நேரமாவது, மேடுபள்ளமான சாலையிலும் ஓட்டிப் பாருங்கள். பிரேக்கை லேசாகத் தொடும்போதே பதில் கிடைக்கிறதா, சாலையின் சொரசொரப்பு ஸ்டீயரிங் வழியே கைக்கு வருகிறதா என்பதை மெதுவாகச் செல்லும்போதே அறியலாம். ஆடியோவை அணைத்துவிட்டாலே உண்மையான இன்ஜின் ஒலி கேட்டுவிடும் என்று நம்ப வேண்டாம். சில கார்களில் அது ஸ்பீக்கர் வழியாகச் சேர்த்துத் தரப்படுகிறது, அதை விற்பனையாளரிடம் நேராகவே கேளுங்கள். இரண்டாம் கியர் எந்த வேகம் வரை இழுக்கும் என்பதையும் கேளுங்கள். போர்ஷே 718 கேமன் ஜிடி4இல் அது 130 கி.மீ.யைத் தாண்டுவதால், சாதாரணச் சாலையில் கியர் மாற்றும் சுகமே குறைந்துவிடுகிறது என்ற குறை சொல்லப்பட்டதுண்டு. கடைசியாக, இரண்டு கார்களின் டயர் அளவுகளையும் குறித்துக்கொண்டு டயர் கடையில் விலை விசாரியுங்கள். அகலமான டயரும் கூடுதல் எடையும் சேர்ந்தால் அந்த மூன்று விநாடிக்கு ஆண்டுதோறும் என்ன செலவாகும் என்பதை நண்பர்களுக்கு எண்ணிலேயே சொல்லலாம்.